ஓவ், ஓவ்

பதுளை நர்சிங் கல்லூரியில ஒழுக்கமும் ஒரு பாடமாமே புள்ள? நல்லதுதான். ஊசி போடத் தெரியாதவளும் அதுல நூறு வாங்கிடலாம்.

நம்ம தோட்டத்துப் பழைய மருந்துக்காரய்யா அப்பிடித்தான். நெத்தி நெறைய பட்டை, வெள்ளிக்கெழம விரதம். காய்ச்சல்னு வாசல்ல நின்னா தொட்டுப் பாக்கமாட்டாரு, விரதத்துல தீட்டு ஒட்டிக்குமாம். தூரத்துலயே பாத்து, "பெரட்டுக்குப் போ, வேர்த்தா சரியாகும்"பாரு. தலவலி, வயித்துவலி, அட்டக்கடி எல்லாத்துக்கும் ஒரே செவப்புத் தண்ணி. சமத்துவத்த அவருகிட்டதான் படிக்கணும். வெள்ளக்காரன் 1912லயே தோட்ட வைத்தியத்துக்குச் சட்டம் போட்டான். சட்டம் போத்தல் வரைக்கும் வந்துச்சு, அய்யாவோட கை வரைக்கும் வரல.

முதியங்கன விகாரைப் பக்கம் போனா ஹாமுதுருகிட்ட கேளு. வயித்துப்போக்குல கேப்பாரில்லாம கெடந்த பிக்குவ, புத்தரே தண்ணி ஊத்த, ஆனந்தர் கழுவி விட்டாராம். வகுப்புல அதக் கேட்டு எல்லாரும் கண்ணத் தொடைப்பீங்க. அப்பறம் வார்டுல பெட்பேன் எடுக்க அட்டெண்டனத் தேடுவீங்க.

மதத்தையும் மருந்தையும் கலக்குறது புதுசில்ல. மானிப்பாய்ல கிறீன்னு ஒரு அமெரிக்க டாக்டர், 1847ல கப்பலேறி வந்த மிஷன்காரர். வேதத்துக்கு ஆள் சேக்க வந்தவருதான், மறைப்பானேன்? ஆனா மனுசன் தமிழ் படிச்சாரு. வைத்தியப் புஸ்தகத்தத் தமிழாக்கி, 1864லருந்து தமிழ்லயே டாக்டர்மாரப் படிக்க வச்சாரு.

நம்ம கத என்ன? போன வருசம் ஒரு ஆஸ்பத்திரியில, "கொஹெத ரிதென்னே?"ன்னு கேட்டா ஒரு நர்ஸ் புள்ள. எங்க நோகுதுன்னு கேட்டாளாம், அப்பறந்தான் தெரிஞ்சுது. கையில பிரித் நூல், மொகத்துல அப்பிடியொரு கருண. என் சிங்களம் சந்தைச் சிங்களம். வெல பேசும், வலி பேசாது. மருவாதிக்கு "ஓவ்"னேன், ஆமான்னு அர்த்தம். நெஞ்சத் தொட்டுக் காட்டுனா, ஓவ். வயித்தக் காட்டுனா, அதுக்கும் ஓவ். நெஞ்சுப் படம் புடிச்சு, ஈசிஜி எடுத்து, நெஞ்சு கல்லாட்டம் இருக்குன்னு அனுப்பிட்டாங்க. முழங்கால் போன மாதிரியே திரும்பி வந்துச்சு. அரச ஊழியருக்கு ரெண்டாம் மொழி வேணும்னு 2007ல சுற்றறிக்கை வந்துச்சாம். அதுக்கும் முழங்கால் வலி போல.

ஹொஸ்டல்ல சிங்களப் புள்ளைகளோடதான இருக்கப்போற? "எங்கம்மா நோகுது"ங்கிறத ராத்திரி ராத்திரி அவங்களுக்குச் சொல்லிக் குடு. மாத்தி நீயும் படிச்சுக்க.

சரி, பஸ்ஸுக்கு நேரமாச்சு. துன்னூறு பூசுறேன், வா. கால்ல மட்டும் விழுந்துறாத. ஒன்னத் தூக்க நான் குனியணும்.