மலையேறத் தாமதித்த விடுதலை

இந்தியா 1947-இல் விடுதலை பெற்றது. அந்தச் செய்தி கல்வராயன் மலை ஏறிச்சேர 29 ஆண்டுகள் பிடித்தன. அதுவரை மலையாளிப் பழங்குடியினர் மூன்று ஜாகிர்தார்களின் ஆளுகையில் வாழ்ந்தனர். 1976-இல்தான் மலை அரசின் கைக்கு வந்தது. அப்போது நாட்டில் நெருக்கடி நிலை. சமவெளி தன் உரிமைகளை இழந்திருந்த வேளையில் மலைக்கு விடுதலை கிடைத்தது.

அடிவாரத்துக் கள்ளக்குறிச்சியின் முகவரியும் நிலைகொள்ளவில்லை. முதலில் தென்னார்க்காடு மாவட்டம், ஆட்சியரைப் பார்க்கக் கடலூர் வரை போகவேண்டியிருந்தது. 1993-இல் விழுப்புரம் மாவட்டம் பிரிந்தபோது மனு நடக்கும் தூரம் சற்றுக் குறைந்தது. காத்திருக்கும் காலம் குறைந்ததாகத் தகவல் இல்லை. 2019-இல் கள்ளக்குறிச்சியே தனி மாவட்டம் ஆனது. ஆனாலும் மலையின் ஒரு பகுதி சேலம் மாவட்டத்தில்தான் இருக்கிறது.

2024 ஜூனில் நாடே கள்ளக்குறிச்சியின் பெயரைச் சரியாக உச்சரித்தது. கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றிருந்தது. அதன்பின் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. மலை எப்போதும் அங்கேயேதான் இருந்தது. கண்ணில் படுவதற்குத்தான் இத்தனை உயிர்கள் தேவைப்பட்டன.