சூப்பா, சுடுதண்ணீரா?

கேள்வி: வீட்டில் ஆட்டெலும்பு சூப் வைத்தால் தண்ணீராகவே இருக்கிறது. ஓட்டல் சூப் மட்டும் எப்படிக் கெட்டியாக வருகிறது? காய்கறி சேர்க்கலாமா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: ஓட்டல் ரகசியம் பல இடங்களில் சோள மாவுதான். உங்களுக்கு அந்தக் குறுக்கு வழி வேண்டாம். கறிக்கடையில் 'சூப்புக்கு' என்று மொட்டையாகச் சொன்னால் யாருக்கும் வேண்டாத சில்லெல்லாம் உங்கள் பைக்குத்தான் வரும். நெஞ்செலும்பு அரைக் கிலோ, தீயில் வாட்டிய கால் இரண்டு என்று வாய்விட்டுக் கேளுங்கள். காலில் கறி கிடையாது; தோலும் மூட்டு நாரும்தான். அதிலுள்ள கொலாஜன் நெடுநேரம் வெந்தால்தான் ஜெலட்டினாக மாறி, குடிக்கும்போது உதட்டில் ஒட்டும். நீங்கள் நாலு விசிலில் இறக்கிவிடுகிறீர்கள், அது எப்படி மாறும்? சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு, கொத்தமல்லித் தண்டு எல்லாம் போட்டு, முதல் விசில் வந்ததும் தீயைத் தணித்து முக்கால் மணி நேரம் மறந்துவிடுங்கள். (சீரியல் பார்ப்பவர்களுக்கு இது சுலபம்.)

காய்கறி தாராளமாகச் சேர்க்கலாம், ஆனால் எலும்போடு அல்ல; கேரட் இருந்த தடமே தெரியாது. குக்கரைத் திறந்தபின் கேரட், பீன்ஸ், முருங்கைக்காய் போட்டு 15 நிமிடம் கொதிக்கவிடுங்கள். முட்டைக்கோஸ் வேண்டாம், கறி மணத்தை விழுங்கிவிடும். தட்டிய மிளகும் சீரகமும் இறக்கும்போது.

மிச்சத்தை ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் ஜெல்லியாக ஆடினால் பாஸ். ஆடவில்லையா? 'எலும்பு ரசம்' என்று பெயர் மாற்றிச் சோற்றில் ஊற்றுங்கள், ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.