மணிக்கு ஒரு பராமரிப்புப் பணி

அனுப்புநர்: கோட்டை மதிலுக்கு வெளியே ஓடுகிறவன், செஞ்சி, விழுப்புரம் மாவட்டம்.
பெறுநர்: உயர் அதிகாரி அவர்கள், இந்தியத் தொல்லியல் துறை.
பொருள்: செஞ்சிக் கோட்டைப் பராமரிப்புப் பணியில் நாய் ஒன்றை அமர்த்தக் கோருதல் – தொடர்பாக.
பார்வை: பழமையான நினைவுச்சின்னங்கள் விதிகள், 1959, விதி 8.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

பார்வையில் கண்ட விதியை ஒரு வரி விடாமல் படித்தேன். நினைவுச்சின்னத்துக்குள் துப்பாக்கி சுடக் கூடாது, பிச்சை எடுக்கக் கூடாது, அனுமதித்த இடம் தவிர வேறெங்கும் சமைக்கக் கூடாது என்று போகும் அந்தப் பட்டியலில், பராமரிப்பு வேலைக்கு அல்லாமல் எந்த விலங்கையும் உள்ளே கொண்டுவரக் கூடாது என்றும் இருக்கிறது. மற்றவர்கள் இதைத் தடை என்று படிக்கிறார்கள். எனக்கு வேலைவாய்ப்பு அறிவிப்பாகத் தெரிந்தது.

விண்ணப்பதாரர் பெயர் மணி. தாய் சிப்பிப்பாறை, தகப்பன் பற்றித் தெருவில் கருத்து வேறுபாடு உண்டு. விடியற்காலையில் நான் ஷூவை எடுத்தால் போதும், கதவைப் பிறாண்ட ஆரம்பித்துவிடும். என் இடுப்பில் பெல்ட், அதன் மார்பில் வார், நடுவில் கயிறு. அது முன்னால் இழுக்க நான் பின்னால் ஓடுவேன். ஐரோப்பாவில் இதற்குக் கேனிகிராஸ் என்று பெயர் வைத்து, போட்டி நடத்தி, மெடல் தருகிறார்கள். செஞ்சியில் இதற்கு, "நாய் ஆள இழுத்துக்கிட்டுப் போவுது பாரு" என்று பெயர். 2016இல் சீனாவில் நடந்த ஒரு பலநாள் ஓட்டப் போட்டியில், தெருநாய் ஒன்று டியான் லெனார்ட் என்கிற வீரரோடு சேர்ந்துகொண்டு சுமார் 125 கிலோமீட்டர் ஓடியது. உலகமே கொண்டாடியது. அதனிடம் யாரும் சீட்டு கேட்கவில்லை.

ஓட வேறு இடமா இல்லை என்பீர்கள். திருவண்ணாமலை சாலையில் ஓடினால் பஸ் டிரைவர்கள் எங்கள் பரம்பரையை விசாரிக்கிறார்கள். பாக்கமலைக் காடு வனத்துறையுடையது. அவர்களுக்குத் தனி மனு. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்றையும் வளைத்துக்கொண்டு போகிறதே மதில், சுமார் 13 கிலோமீட்டர், அதற்கு ஈடான ஓட்டப்பாதையை இன்றைக்கு டெண்டர் விட்டாலும் கட்ட முடியாது. பாறை, முள், மேடு, பள்ளம், நடுவில் நிழலுக்கு ஒரு வாசல். ராஜகிரி ஏற்றம் மட்டுமே சுமார் 800 அடி. கட்டியவர்கள் எதிரிக்கு மூச்சு வாங்கட்டும் என்றுதான் கட்டினார்கள், எனக்கும் வாங்கட்டுமே.

விலங்குகள் இந்தக் கோட்டைக்குப் புதிதா? உள்ளே யானைக்குளம் இருக்கிறது, குதிரை லாயம் இருக்கிறது. செஞ்சியை ஆண்ட தேசிங்குராஜன் கதையில் பாதிப் பெருமை பாராசாரிக் குதிரைக்குத்தான் போகிறது. இன்றைக்குத் தேசிங்கே வந்தாலும் குதிரையை வெளியே புளியமரத்தில் கட்டிவிட்டு, சீட்டு வாங்கிக்கொண்டு நடந்துதான் போகவேண்டும்.

குரங்குகளுக்கு மட்டும் சிக்கலில்லை. அவற்றை யாரும் "கொண்டுவரவில்லை", அவையாகவே வந்தவை. சொந்தக்காரன் இல்லாத நாய்க்கும் இதே சலுகை. கழுத்தில் பட்டை, வெறிநாய்த் தடுப்பூசி, சீட்டு வாங்கிய எசமான் என்று ஒழுங்காக இருக்கும் நாய்க்குத்தான் விதி 8.

பணிக்கான தகுதியைச் சொல்லிவிடுகிறேன். பழஞ்சுவரில் சாவியால் காதலியின் பெயரைக் கீறுகிறவருக்கு, நினைவுச்சின்னச் சட்டத்தின் 30ஆம் பிரிவு இரண்டாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் வைத்திருக்கிறது. அந்தப் பிரிவுக்குக் குரைக்கத் தெரியாது. மணிக்குத் தெரியும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ 12 மராத்தியக் கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே இடம்பிடித்த ஒரே கோட்டை செஞ்சி. அந்தத் தகுதிக்கு ஒரு காவல் நாய் கூடுதல் செலவாகாது. சம்பளம், தினம் இரண்டு முட்டை.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. குரங்கைக் கண்டால் மணி பதவியின் கண்ணியத்தை மறந்துவிடும். படியில் குழந்தைகள் ஏறும்போது அது பாய்ந்தால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். உங்கள் விதியில் அந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது. ஆகவே கோட்டை திறப்பதற்கு முன், விடியற்காலையில் ஒரு மணி நேரம், மதிலோரம் மட்டும், கயிற்றோடு மட்டும் அனுமதி போதும்.

ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகர் கான் 1690இல் வந்து முற்றுகையிட்டவர், 1698இல்தான் உள்ளே போனார். கோப்புகளும் அந்த வேகத்தில் நகரக்கூடும் என்பதை அறிவேன். மணிக்கு இப்போதே வயது மூன்று என்பதை மட்டும் கனிவுடன் கருத்தில் கொள்ளவும்.

பணி நியமனம் இயலாதெனில், மாற்று வேண்டுகோள் ஒன்று. விலங்கைக் கொண்டுவரும் மனிதனைத்தான் விதி 8 தடுக்கிறது. எங்கள் விஷயத்தில் கயிற்றின் முன்முனையில் இருப்பது மணி, கொண்டுவரப்படுவது நான். மனிதனைக் கொண்டுவரும் நாயைப் பற்றி 1959இல் யாரும் எதுவும் எழுதி வைக்கவில்லை. தக்க தெளிவுரை வழங்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மணிக்குப் பின்னால் ஓடுகிறவன்

இணைப்பு: தடுப்பூசிச் சான்று நகல், கையொப்பத்துக்குப் பதிலாக முன்னங்கால் தடம்.