பன்னிரண்டரைச் சென்ரிமீற்றர்

உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு 31 வருசம் பௌதிகம் படிப்பித்தவன் நான். மின்காந்த அலைக்கு வயர் வேண்டாம், ஊடகமும் வேண்டாம், வெற்றிடத்தில் செக்கனுக்கு 3 இலட்சம் கிலோமீற்றர் போகும் என்று கரும்பலகையில் எழுதி எழுதிச் சோக் தூள் தின்றவன். அந்த அலை உடுப்பிட்டியில் என் வீட்டு விறாந்தையிலிருந்து முன்னறைக்கு வர 9 நாள் எடுத்தது. தூரம் 14 அடி. வந்து சேர்ந்த பிறகும் அதனால் ஒரு சதத்துக்குப் பிரயோசனம் இருக்கவில்லை.

கொம்பியூட்டர் 2004 இல் வாங்கியது. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தாகி, ஏ9 பாதை திறந்து, கொழும்புச் சாமான்கள் லொறி லொறியாக யாழ்ப்பாணம் வந்திறங்கிய காலம் அது. மகன் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தான். பென்ரியம் 4, 256 மெகாபைற் நினைவகம், 40 கிகாபைற் வன்தட்டு, விண்டோஸ் எக்ஸ்பி, மேசையில் பாதியைப் பிடித்துக்கொண்ட ஒரு மொனிற்றர். ஒழுங்கைச் சனம் முழுக்க வந்து பார்த்துவிட்டுப் போனது. மனிசி பூப்போட்ட சீலைத்துணியில் அதற்கு உறை தைத்துப் போட்டாள். மகன் படித்து முடித்து ரொறன்ரோவுக்குப் போய்விட்டான். உறை வெளிறிப்போயிற்று. கொம்பியூட்டர் மட்டும் அதே மேசையில், என்னைப் போல, ஓய்வூதியக்காரராக இருக்கிறது.

"அப்பா, அதைத் தூக்கி எறியுங்கோ, நான் புதுசு வாங்கித் தாறன்" என்று மகன் ஒவ்வொரு ஞாயிறும் சொல்வான். எறிய முடியாததற்குக் காரணம் உண்டு. அதற்குள் என் பௌதிகக் குறிப்புகள் இருக்கின்றன. 400 பக்கத்துக்கு மேல். ஒற்றை விரலால், பாமினி எழுத்துருவில், நானே குத்திக் குத்தி அடித்தவை. என்னிடம் படித்த ஒருவன் இப்போது வன்னிப் பக்கம் பௌதிக ஆசிரியன். போன வருசம் ஒருநாள் கோல் எடுத்து, "சேர், உங்கட நோட்ஸ் இருந்தா அனுப்பிவிடுவியளோ? இப்ப அப்பிடி ஆரும் எழுதுறேல்லை" என்றான். எனக்குத் தலை கூரையில் முட்டியது.

"பென் ரைவில போட்டுச் சந்தியில குடுத்தா அனுப்பிவிடுவாங்கள்" என்றாள் மனிசி.

"வீட்டில வைஃபை இருக்கேக்க நான் ஏன் சந்திக்குப் போகவேணும்?" என்றேன். நான் செய்த முதல் பிழை அதுதான். மிச்சமெல்லாம் அதன் பேரப்பிள்ளைகள்.

வைஃபை இருந்தது உண்மை. மகன் காசு அனுப்பி வாங்கிய றவுட்டர் விறாந்தை யன்னலில் குந்திக்கொண்டு பச்சை லயிற்றை வெட்டிக்கொண்டிருந்தது. கைபேசியில் ஓடுகிற நெட், கொம்பியூட்டருக்கு மட்டும் ஏன் வராது? முதல் நாள் பின்னேரம் முழுக்க எக்ஸ்பியின் ஒவ்வொரு பெட்டியையும் திறந்து பார்த்தேன். வைஃபை என்ற சொல்லையே காணவில்லை. அலை வந்து சேரவில்லை என்று முடிவு கட்டினேன். வாத்தியார் அல்லவா, கணக்கும் போட்டேன். றவுட்டரின் மீடிறன் 2.4 கிகாஹேர்ட்ஸ். 30 கோடியை 240 கோடியால் பிரித்தால் அலைநீளம் 0.125 மீற்றர், அதாவது 12.5 சென்ரிமீற்றர். என் வீட்டுச் சுவரோ அப்பா காலத்தில் சுண்ணாம்புக் கல்லால் கட்டிய ஒன்றரை அடிச் சுவர். அதற்கு முன்னால் இரும்பு அலுமாரி வேறு. உலோகம் அலையைத் தெறிப்பிக்கும். ஆகவே அடுத்த நாள் அலுமாரியை நகர்த்தினேன்.

"இஞ்சருங்கோ, உங்களுக்கென்ன விசரோ? இடுப்பு நோகுதெண்டு நேற்றுத்தானே எண்ணெய் பூசினனியள்?"

"பன்னிரண்டரைச் சென்ரிமீற்றர்" என்றேன். அதற்கு மேல் விளங்கப்படுத்த எனக்கு மூச்சு இருக்கவில்லை.

அந்த நேரம் பக்கத்து வீட்டுப் பெடியன் கொக்கத்தடி இரவல் வாங்க வந்தான். உயர்தரம் எடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவன். குனிந்து கொம்பியூட்டரின் முதுகைப் பார்த்தான்.

"சேர், இதுக்குள்ள வைஃபை இல்லைச் சேர்."

"இல்லையெண்டா? யன்னலில கிடக்கு, கண்ணில்லையே உனக்கு?"

"அது அனுப்புறது சேர். இதில பிடிக்கிற சாமான் இல்லை."

காது இல்லாத மனிதனுக்கு நான் இரண்டு நாளாகச் செய்தி வாசித்திருக்கிறேன். கேட்கவில்லை என்றதும் வீட்டுச் சாமானை நகர்த்தியிருக்கிறேன். வாங்கிக்கு எதிரில் அலைபரப்பியும் அலைபரப்பிக்கு எதிரில் வாங்கியும் வேண்டும் என்று எத்தனை பிள்ளைகளுக்குப் படம் கீறிக் காட்டியிருப்பேன்! அந்தப் பெடியனின் தகப்பனும் அந்தப் படத்தைப் பார்த்துக் கீறியவர்தான். "எனக்குத் தெரியும், அலுமாரிக்குப் பின்னால கறையான் பாக்கத்தான் நகர்த்தினனான்" என்றேன். பெடியன் நல்லவன். கறையானைத் தேடுவதுபோல் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் கொக்கத்தடியுடன் போனான்.

மூன்றாம் நாள் சைக்கிளில் நெல்லியடிக்குப் போனேன். கடையில் நின்ற பிள்ளை, "என்ன விண்டோஸ் ஐயா?" என்று கேட்டது. எக்ஸ்பி என்று சொல்ல வாய் வரவில்லை. 2014 ஏப்ரல் 8 ஆம் திகதியோடு எக்ஸ்பிக்கான பராமரிப்பை மைக்ரோசொப்ற் நிறுத்திவிட்டது என்று பத்திரிகையில் வாசித்திருக்கிறேன். செத்த வீட்டுக்குச் சீதனம் கேட்கிற மாதிரி இருக்கும். "வழமையான விண்டோஸ்தான்" என்றேன். நகத்தளவு அடப்ரர் ஒன்றைத் தந்தார்கள், கூடவே ஒரு சீடி. சீடி போடுகிற தட்டு திறக்க மாட்டேன் என்றது. சின்ன ஓட்டைக்குள் ஊக்கை விட்டுக் குத்தித் திறந்தேன். திறந்த தட்டில் மகனின் பழைய பாட்டுச் சீடி ஒன்று பத்துப் பன்னிரண்டு வருசமாகப் படுத்திருந்தது. அதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டால், இந்த விண்டோஸுக்கு நான் வேலை செய்ய மாட்டேன் என்று ஒரு பெட்டி வந்தது. அடுத்த நாள் திரும்பிப் போய் உண்மையைச் சொன்னேன். "எக்ஸ்பியோ!" என்று அந்தப் பிள்ளை உள்ளே நின்றவர்களையும் கூப்பிட்டது. நாலு பேர் வந்து என்னைப் பார்த்தார்கள். லாச்சியின் அடியிலிருந்து தூசி தட்டி, அன்ரெனா வைத்த பழைய அடப்ரர் ஒன்றை எடுத்து அரை விலைக்குத் தந்தார்கள். அனுதாபக் கழிவாக்கும்.

அதைப் பூட்டியதும் வைஃபைகளின் பெயர்கள் வரிசையாக வந்தன. ஆனால் எதனோடும் சேரவில்லை. பெடியன்தான் சொன்னான்: எக்ஸ்பி 2001 இல் வந்தது, றவுட்டரில் இருக்கிற டபிள்யூபிஏ2 என்ற பூட்டு 2004 இல் வந்தது. தனக்குப் பிறகு பிறந்த பூட்டை அதற்கு எப்படித் தெரியும்? 2008 இல் வந்த மூன்றாவது சேர்விஸ் பக்கைப் போட்டால் தெரிந்துகொள்ளும். எங்கேயோ தேடி எடுத்து அதைப் பென் ரைவில் கொண்டுவந்து குத்தினான்.

வாசலில் நின்ற மனிசி, "தம்பி, அந்தப் பென் ரைவிலயே சேரின்ர நோட்ஸையும் போட்டு அனுப்பிவிடனப்பன்" என்றாள். பெடியன் என்னைப் பார்த்தான். நான் யன்னலுக்கு வெளியே மாமரத்தைப் பார்த்தேன்.

இனித் திறப்பு. மற்ற ஊர்களில் சாவி என்பார்கள், எங்களுக்குத் திறப்பு. றவுட்டரின் அடியில் எறும்பு எழுத்தில் ஒட்டியிருந்தது. பூச்சியமா ஓவா, ஒன்றா எல்லா என்று தெரியாத ஒரு கோவை. யமகமும் திரிபும் எழுதிய காலத்துப் புலவர், எங்கள் ஊர்ச் சிவசம்புப் புலவரே வந்தாலும் அதற்குப் பதம் பிரிக்க மாட்டார். எக்ஸ்பி அதை இரண்டு தரம் கேட்கும். அடிப்பது கறுப்புப் பொட்டுகளாகத்தான் தெரியும். பூதக்கண்ணாடியோடு மூன்று நாள் அடித்தேன். எழுத்துகளை மாற்றி மாற்றி, சேர்மானக் கணக்குப் போட்டு, அட்டவணை கீறி அடித்தேன். எட்டாம் நாள் பெடியனைக் கூப்பிட மனமில்லாமல் கூப்பிட்டேன். அவன் திரையைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"சேர், நீங்கள் அடிக்கிறது எங்கட வீட்டு றவுட்டருக்கு."

இரண்டும் ஒரே கம்பனி. பெயரில் கடைசி இரண்டு எழுத்துத்தான் வித்தியாசம். மூன்று நாளாக அயல் வீட்டுப் படலையில் என் வீட்டுத் திறப்பைப் போட்டு ஆட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். வேறு காலமென்றால் நாயை அவிழ்த்து விட்டிருப்பார்கள்.

அன்றிரவு நித்திரை வரவில்லை. நான் எப்போதும் இப்படி இருந்தவனில்லை. 1990 இல் போரோடு எங்களுக்கு மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய் பொன்விலை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, பஞ்சு நனையுமளவு எண்ணெய் விட்டு, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் படித்தார்கள். பற்றறி தடைப்பட்ட சாமான். செத்த பற்றறியை வெயிலில் காயவைத்து இன்னும் அரை மணித்தியாலம் பிழிந்தெடுப்போம். அதுவும் முடிந்ததும் சைக்கிளைக் கவிழ்த்து வைத்தோம். பெடலைக் கையால் சுற்ற, டைனமோ ஆடலோட்டம் தரும். நாலு இருவாயியால் அதை நேரோட்டமாக்கி றேடியோவுக்குக் கொடுத்தால் பிபிசி தமிழோசை கேட்கும். ஒழுங்கையே எங்கள் முற்றத்தில் கூடும். சுற்றுகிற பெடியனுக்குக் கை களைத்தால் செய்தி வாசிப்பவருக்கும் குரல் களைக்கும். அந்த றேடியோவை ஓடவைத்த வாத்தியார் என்று எனக்கு ஊரில் ஒரு பெயர் இருந்தது.

அந்தப் பெயரில்தான் இத்தனை வருசமும் காலம் தள்ளியிருக்கிறேன். உண்மை என்னவென்றால், இருவாயியைத் தந்தவர் றேடியோ திருத்துகிறவர். எந்தக் கால் எந்தப் பக்கம் என்று காட்டித் தந்தவரும் அவர்தான். பௌதிகப் பட்டதாரியான நான் அவருடைய வாங்கில் குந்தியிருந்து, ஒரு மாணவன் மாதிரிக் கேட்டேன். வெட்கமாக இருக்கவில்லை. ஒருவருக்கும் ஒன்றும் இல்லாத நேரம், ஆளை ஆள் கேட்பதில் என்ன வெட்கம்? பிழையும் அப்போது கைக்கு அகப்பட்டது. வயரைத் தடவிக்கொண்டு போனால் அறுந்த இடத்தில் விரல் நிற்கும். இப்போது தடவ வயரும் இல்லை, கேட்க வாயும் இல்லை.

ஒன்பதாம் நாள் சரியான பெயரில் சரியான திறப்பைப் போட்டதும் மூலையில் அந்தச் சின்னப் படம் உயிர்த்தது. தொடுப்புக் கிடைத்துவிட்டதாம். மனிசியைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஆனால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும், இதன் சான்றிதழை நம்ப ஏலாது என்றது. அதோடும் ஒன்றரை நாள் மல்லுக்கட்டினேன். கடைசியில் தற்செயலாகக் கீழ் மூலையைப் பார்த்தேன். திகதி: 2002 ஜனவரி 1.

கொம்பியூட்டருக்குள் காசளவு பற்றறி ஒன்று உண்டு. கரண்ட் இல்லாதபோதும் நேரத்தை நினைவில் வைத்திருப்பது அதுதான். அது எப்போதோ செத்துவிட்டது. இணையப் பக்கங்களின் சான்றிதழ் போர்க்காலத்துப் பயணப் பாஸ் மாதிரி, இன்ன திகதியிலிருந்து இன்ன திகதி வரைதான் செல்லும். 2002 இல் நிற்கிற கொம்பியூட்டருக்கு அந்தப் பாஸ்கள் எல்லாம் இன்னும் எழுதப்படாதவை. அதன் கணக்கில் ஏ9 பாதை திறக்கவில்லை. மகன் வெளிநாடு போகவில்லை. நான் அதை வாங்கவேயில்லை. ஒரு காலத்தில் பற்றறிக்காக வெயிலைக் காவல் காத்தவன், கண்முன்னே ஒரு பற்றறி செத்துக் கிடப்பதை வருசக்கணக்காகக் கவனிக்கவில்லை. பெட்டிக்கடையில் வாங்கலாம் அதை.

வாங்கிப் போட்டேன். திகதி சரிவந்தது. அப்போதும் பக்கங்கள் திறக்கவில்லை. எக்ஸ்பியின் பழைய உலாவிக்கு இன்றைய இணையத்தின் மறையாக்கம் தெரியாதாம். நான் திறப்பைத் தேடிக்கொண்டிருந்த காலத்தில் ஊர் முழுக்கப் பூட்டை மாற்றிவிட்டது.

பதினோராம் நாள் காலை, பால் தேத்தண்ணியோடு வந்த மனிசி ஒன்றும் பேசாமல் மேசையில் ஒரு பென் ரைவை வைத்துவிட்டுப் போனாள். அது அலுமாரி நகர்த்திய நாளிலிருந்து அவளுடைய சட்டைப்பையிலேயே இருந்திருக்கவேண்டும். ஐந்து நிமிசத்தில் பிரதி எடுத்தேன். பெடியன் தன் கைபேசியில் குத்தி வன்னிக்கு அனுப்பினான்.

கொஞ்ச நேரத்தில் பதில்: "சேர், இது என்ன மொழி?" அவனிடம் பாமினி எழுத்துரு இல்லை. அது இல்லாத இடத்தில் என் தமிழெல்லாம் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்தாக நிற்கும். மெய்யெழுத்துகளின் புள்ளியெல்லாம் அரைப்புள்ளியாக வரிசைகட்டும். பெடியன் அதையும் யூனிகோட்டுக்கு மாற்றித் திரும்ப அனுப்பினான். இந்த முறை, "இதுக்கு என்ன செய்தனீ?" என்று நானாகவே கேட்டேன். கேட்பது அவ்வளவு கடினமாக இருக்கவில்லை.

அன்று இரவு எட்டு மணிக்கு அடுத்த செய்தி வந்தது. நன்றியெல்லாம் சொல்லிவிட்டுக் கீழே எழுதியிருந்தான்: "சேர், அலைகள் பாடத்தில ஒரு கணக்கு. எஃப்எம் மீடிறன் 100 மெகாஹேர்ட்ஸ், அலைநீளம் 30 மீற்றர் எண்டு கிடக்கு. 3 மீற்றர்தானே சேர்?"

30 கோடியைப் 10 கோடியால் பிரித்துப் பார்த்தேன். மூன்றுதான். எத்தனை வருசமாக எத்தனை பிள்ளைகள் அதைப் போட்டோக்கொப்பி அடித்துக்கொண்டு போயிருப்பார்கள்! அவனுடைய செய்தியில் இன்னொரு வரியும் இருந்தது: "நாங்கள் படிக்கேக்கையும் 30 எண்டுதான் இருந்தது. கேக்கப் பயத்தில விட்டிட்டம்."

"என்னவாம்?" என்றாள் மனிசி குசினியிலிருந்து.

"நோட்ஸ் கிடைச்சுதாம். நல்லாயிருக்காம்" என்றேன்.