விசித்திரசித்த அலுவலகத்தின் திருச்சமூகத்துக்கு

மாவட்ட வலையமைப்பைக் கட்டிக்காக்கும் மேன்மைமிகு அலுவலகத்துக்கு, மண்டகப்பட்டு வட்டாரப் பொதுமக்கள் சார்பில் பணிந்து சமர்ப்பிக்கப்படும் பாராட்டு மடல்.

ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டுப் பாறையைக் குடைந்து பிரம்மா, ஈசன், திருமால் ஆகிய மூவருக்கும் கோயில் எடுத்தபோது, செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்கும் இன்றி விசித்திரசித்தன் இதனை ஆக்குவித்தான் என்று, தன் விருதுப்பெயரால் பல்லவக் கிரந்தத்தில் பொறித்துவைத்தான். இன்மையைச் சாதனையாக எழுதிவைக்கும் அம்மரபு அவனோடு அற்றுப்போகவில்லை என்பதை, சேவை மையத்தின் இணைப்பு அறுந்தது பற்றிய புகாருக்குக் கடந்த வாரம் "லாக்கில் பிழை எதுவும் இல்லை, புகார் முடித்துவைக்கப்பட்டது" என்று இவ்வலுவலகம் அனுப்பிய மறுமொழி ஐயமற நிறுவுகிறது.

லாக் என்று இங்குக் குறிக்கப்படுவது, கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் சுவிட்ச் என்னும் கருவி, தன் போர்ட் ஒன்று செயலிழந்தாலோ தானே மறுதொடக்கம் ஆனாலோ தலைமை சர்வருக்கு அனுப்பும் ஒருவரிச் செய்திகளின் தொகுப்பாகும். சிஸ்லாக் எனப்படும் இச்செய்திகள் பெரும்பாலும் யுடிபி முறையில் சர்வரின் 514ஆம் எண் போர்ட்டுக்குச் செல்கின்றன. யுடிபி என்பது ஒப்புகை அட்டை கேளாத சாதாரணத் தபால் ஆதலால், இடையில் ஃபயர்வால் விழுங்கினாலும், சர்வரின் முகவரி மாறிப்போயிருந்தாலும், அனுப்பிய சுவிட்சுக்கு அது தெரியவராது. செய்திகளின் தீவிரத்துக்கு 0 முதல் 7 வரை எட்டுப் படிகள் உண்டு. எண் குறையத் தீவிரம் கூடும். சிஸ்கோ சுவிட்சில் இணைப்பு அறுந்த செய்தி 3ஆம் படியைச் சேர்ந்தது. அனுப்பும் வரம்பை எவரேனும் 2 என்று வைத்துவிட்டால், அறுந்த சேதி சுவிட்சின் வாசலைத் தாண்டாது. அறுந்தது மேல்நோக்கிச் செல்லும் ஒரே கேபிளாக இருப்பின், அது அறுந்த சேதி அந்தக் கேபிள் வழியாகவே போயாக வேண்டும் என்பது தனி நயம். அச்சேதி சுவிட்சின் நினைவகத்தில் காத்திருந்து, அடுத்த மின்வெட்டில் அழிந்தும்போகும். அப்படி அழியாமல் தப்பினாலும், நேரம் காட்டும் என்டிபி சர்வரோடு இணைக்கப்படாத சில சுவிட்சுகள் மறுதொடக்கம் ஆனதும் அன்றைய தேதியை 1993 மார்ச் 1 என்று கொள்ளும். மகேந்திரவர்மனும் ஆண்டு பொறிக்கவில்லைதான். எனினும் எழுத்தமைதி முதலான சான்றுகளைக் கொண்டு அறிஞர்கள் அவன் காலத்தைக் கண்டுகொண்டார்கள்.

கணினிக் கருவிகளின் லாக்குகளை 180 நாள் பாதுகாக்க வேண்டும் என்று நடுவண் அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் (CERT-In) 2022 ஏப்ரல் 28 அன்று ஆணையிட்டது. வந்து சேராத லாக்கைப் பாதுகாப்பது எளிதன்று; செங்கல் இன்றி, மரம் இன்றி, உலோகம் இன்றி, சுதை இன்றி, செய்தியும் இன்றி இவ்வலுவலகம் அதனைச் செய்துவருகிறது.

செய்தி வராததும் கோளாறு இல்லாததும் ஒன்றல்ல. வருமானச் சான்றுக்காக ஒருநாள் கூலியை விட்டு வந்து, "சர்வர் இல்லை" என்ற சொல்லைக் கேட்டுத் திரும்பிப்போனவர்களைப் பொய்யர்கள் ஆக்குகிறது, "பிழை எதுவும் இல்லை" என்ற அந்த ஒற்றை வரி. அறியாமல் எழுதப்பட்டிருந்தால் அது வெட்கக்கேடு. அறிந்தே எழுதப்பட்டிருந்தால் அயோக்கியத்தனம்.

பாறையும் பொறுத்ததை அலுவலகமும் பொறுத்தருளும் என்ற துணிவில், ஒரு சிறு விண்ணப்பமும் இத்துடன் வைக்கப்படுகிறது. பயன்பாட்டில் இல்லாத ஒரு போர்ட்டில் மடிக்கணினி ஒன்றைச் செருகிப் பிடுங்கி, அச்செய்தி முதலில் சுவிட்சின் உள்லாக்கிலும், பின்னர் சர்வரிலும் தோன்றுகிறதா என்று பார்த்தருள வேண்டும். முன்னதில் தோன்றிப் பின்னதில் தோன்றாவிட்டால், சர்வர் முகவரி, வரம்புப் படி, ஃபயர்வால் என்ற வரிசையில் சரிபார்க்கலாம். அரைமணி நேர வேலைக்கு உளியும் வேண்டியதில்லை, சிற்பியும் வேண்டியதில்லை. அது முடியும்வரை, முடித்துவைக்கப்பட்ட புகாரைத் திறந்துவைக்குமாறு விசித்திரசித்த அலுவலகம் கேட்டுக்கொள்ளப்படுகிறது. புகார் எண் அந்த மறுமொழியிலேயே உள்ளது.