வாலாய்க்குக் கண், பைக்குக்குப் பல்

கனடாவின் ஒன்டாரியோவில் மே மாத நடுவில் வாலாய் மீன் சீசன் திறந்துவிட்டது. அன்றிலிருந்து வரும் கடிதங்களில் மீன் வாடை. பாதிக் கேள்விகள் ஏரியைப் பற்றி. மீதி, ஏரிக்குப் போய் வந்தவர்கள் அளக்கும் கதைகளைப் பற்றி.

வாலாய், நார்தர்ன் பைக் என்று இரண்டு பெயரையும் சேர்த்தே சொல்கிறார்களே, அண்ணன் தம்பியா? (மார்க்கம் வாசகர்)

பக்கத்து வீட்டுக்காரர்கள், அவ்வளவுதான். அதிலும் பைக்குக்குப் பசி வந்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளையையே விழுங்கிவிடும். வாலாய் பெர்ச் வம்சம். முதுகில் தனித்தனியாக இரண்டு துடுப்பு, முன்னதில் முள். தெரியாமல் அமுக்கிப் பிடித்தால் உள்ளங்கையில் ரத்தம் வரும். வாலின் கீழ்நுனியில் ஒரு வெள்ளைத் திட்டு இருக்கும். பைக் ஈசாக்ஸ் வம்சம். பச்சை உடம்பில் வெளிர்மஞ்சள் புள்ளிகள், தட்டையான நீண்ட வாய், முதுகுத் துடுப்பு வாலை ஒட்டி ஒரேயடியாகப் பின்னால். அது துரத்தி ஓடுகிற மீன் அல்ல. நீர்ப்புல்லுக்குள் ஆடாமல் நின்று ஒரே பாய்ச்சலில் காரியத்தை முடிக்கும். துடுப்பெல்லாம் பின்னால் குவிந்திருப்பது அந்தப் பாய்ச்சலுக்காக.

இரை விற்கும் கடைக்காரர் ‘பிக்கரல்’ என்றால் வாலாயைத்தான் சொல்கிறார். திருத்தப் போகாமல் மண்புழுவை வாங்கிக்கொண்டு வாருங்கள்.

காலை பத்திலிருந்து மாலை நாலு மணிவரை உட்கார்ந்தேன். ஒரு வாலாய்கூட எட்டிப் பார்க்கவில்லை. ஏரியில் மீனே இல்லையோ? (பிராம்ப்டன் வாசகர்)

இருந்தது. அது நைட் ஷிப்ட், நீங்கள் போனது டே ஷிப்ட். வாலாயின் விழித்திரைக்குப் பின்னால் வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும் படலம் ஒன்று உண்டு. இருட்டில் டார்ச் அடித்தால் கண் தகதகவென்று மின்னுவது அதனால்தான். பொழுது சாய்ந்த மங்கலில் அதற்குக் கண் தெரியும், அது தின்னும் சின்ன மீனுக்குத் தெரியாது. இப்படி ஒரு வசதி இருக்கும்போது பட்டப்பகலில் அது ஏன் அலைய வேண்டும்? அதனால் சூரியன் இறங்கும் நேரமும், விடிவதற்குச் சற்று முன்னும் உங்களுக்கு. பகலில்தான் போக முடியும் என்றால் மேகம் போட்ட நாளாக, காற்றடித்துச் சிற்றலை எழும் கரையாகப் பாருங்கள். அலை கலைத்த நீருக்குள் வெளிச்சம் குறையும். கண்ணாடி மாதிரி ஏரி படத்துக்கு அழகு. வாலாய்க்காரர்கள் காற்றைத்தான் கும்பிடுவார்கள்.

இன்னொன்று, உங்கள் தூண்டில் எந்த ஆழத்தில் நின்றது? ஈயத் தலை வைத்த கொக்கியை ஜிக் என்பார்கள். அதில் சின்ன மீனையோ அட்டையையோ மண்புழுவையோ கோத்து, நரம்பைத் தளரவிட்டு அடிமட்டம் தொடும்வரை இறக்குங்கள். தொட்டதும் நரம்பு தொய்யும். ரீலை ஒரு சுற்றுச் சுற்றி, கம்பு நுனியை ஒரு சாண் தூக்கி, மெதுவாக இறங்கவிடுங்கள். பெரும்பாலும் இறங்கும்போதுதான் கடிக்கும். வெட்டி இழுக்காது. ‘டொக்’ என்று ஒரு தட்டு, பிறகு புல்லில் சிக்கியது போல ஒரு கனம். ‘புல்தானே’ என்று விட்டவர்கள் வீட்டில் அன்றைக்குப் பருப்புக் குழம்பு.

பைக் மீன் மனிதரைக் கடிக்குமா? (ஸ்கார்பரோ பள்ளி மாணவி)

தேடி வந்து கடிக்காது. நாமாகத் தேடிப்போய் அதன் வாய்க்குள் விரலை விட்டால் விடாது. நூற்றுக்கணக்கான பற்கள், அண்ணத்தில் இருப்பவை உள்நோக்கிச் சாய்ந்தவை. உள்ளே போவது எளிது, வெளியே வருவது கஷ்டம். சாதாரண நரம்பை அறுத்துவிடும். கொக்கிக்கு மேலே ஒரு முழம் கம்பி லீடர் கட்டாயம். கொக்கியைக் கழற்ற நீண்ட மூக்குக் குறடு. பிடிப்பதென்றால் செவுள் மூடிக்குக் கீழே, செவுளைத் தொடாமல். திரும்ப விடப்போகும் மீனென்றால் வயிற்றுக்கு ஒரு கை கொடுங்கள். கண்குழியில் விரல் கொடுத்துத் தூக்குவது அந்தக் காலத்து முரட்டுப் பழக்கம். இன்னும் யாராவது சொல்லிக்கொடுத்தால் கேட்காதீர்கள்.

பைக் மீன் வரம் கொடுக்குமாமே? (கோவை வாசகர்)

ரஷ்யாவில் கொடுத்திருக்கிறது. எமெல்யா என்ற சோம்பேறி, உறைந்த ஆற்றின் ஓட்டையில் வாளியை விட்டுப் பைக்கைப் பிடித்தான். ‘என்னை விட்டுவிடு, நினைத்ததெல்லாம் நடக்கும்’ என்றது. விட்டான். அடுப்பின் மேல் படுத்தபடியே அரண்மனைக்குச் சவாரி போனான் என்று நாட்டுப்புறக் கதை. பின்லாந்துக்காரர்கள் இவ்வளவு இரக்கம் பார்க்கவில்லை. அவர்களது காவிய நாயகன் வைனமோய்னன் பெரிய பைக்கின் தாடை எலும்பில் காந்தெலே என்ற யாழைச் செய்துவிட்டான். ஒன்டாரியோ பைக்கிடம் நான் எதிர்பார்க்கும் வரமெல்லாம் என் தூண்டிலை முழுசாகத் திருப்பித் தருவதுதான்.

என் மச்சான் 30 கிலோ பைக் பிடித்ததாகச் சொல்கிறார். நம்பலாமா? (மிசிசாகா வாசகர்)

தூண்டிலில் பிடித்த பைக்குக்கான உலக சாதனை 25 கிலோவை ஒட்டியது, 1986இல், ஜெர்மனியில். மச்சான் அதைத் தாண்டிவிட்டார் என்றால் உலகத்துக்குச் சொல்லாமல் உங்களிடம் மட்டும் சொன்னது ஏன் என்று கேளுங்கள்.

ஆனால் அவரை ரொம்பத் திட்டாதீர்கள், பெரிய இடத்துப் பரம்பரை. 1497இல் ஜெர்மனியின் ஹைல்பிரான் அருகே ஒரு பைக் பிடிபட்டதாம். செவுளில் வளையம்; அதில், 1230இல் பேரரசர் இரண்டாம் பிரெடரிக் தன் கையால் விட்ட மீன் என்று எழுத்து. கணக்குப் போட்டால் வயது 267. நீளம் 19 அடி. கற்றறிந்தவர்களே இதை நூலில் ஏற்றினார்கள். எலும்புக்கூட்டை மான்ஹைமில் காட்சிக்கும் வைத்தார்கள். பின்னாளில் ஒருவர் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தால், முதுகெலும்பில் ஒரு பைக்குக்கு உரியதைவிட ஏகப்பட்ட கணுக்கள். பல மீன்களின் எலும்பைக் கோத்து ஒரு மீனாக்கியிருக்கிறார்கள். உங்கள் மச்சான் வாயால் மட்டும்தானே கோத்தார்.

மீன்பிடிப் போட்டியில்கூட மோசடி நடக்குமா? (சென்னை வாசகர்)

பரிசு என்று ஒன்றை வைத்தால் பல்லாங்குழியிலும் நடக்கும். 2022 செப்டம்பர் 30, ஈரி ஏரிக்கரையில் கிளீவ்லாந்து நகரம். வாலாய்ப் போட்டியின் இறுதிச் சுற்று. முதல் பரிசு 28,000 டாலருக்கு மேல். இரண்டு பேர் கொண்டுவந்த ஐந்து மீன்களும் பார்வைக்கு மொத்தம் 20 பவுண்டுதான் இருக்கும். தராசு 34ஐத் தொட்டது. போட்டி இயக்குநருக்கு உறுத்தியது. வயிற்றைத் தடவினார், கட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. அத்தனை பேர் முன்னால் கத்தியை எடுத்துக் கிழித்தார். உள்ளே ஈயக் குண்டுகள்! கூடவே வேறு வாலாய்களின் சதைத் துண்டுகள்.

குண்டு புரிகிறது. சதைத் துண்டு எதற்கு? ஈயம் ஒன்றோடொன்று உரசாமல், வயிறு சீராகத் தெரியட்டும் என்றுதான் இருக்க வேண்டும். அந்த அக்கறையைத் தூண்டிலில் காட்டியிருந்தால் நேர்மையாகவே ஜெயித்திருக்கலாம். அடுத்த ஆண்டு நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். பத்து நாள் சிறை, மூன்று ஆண்டுக்கு மீன்பிடி உரிமம் கிடையாது, படகும் பறிமுதல்.

அண்ணை, பிடிச்ச வாலாயை பிரீசருக்குள்ள போட்டு வைச்சா அது கணக்கில வராது எண்டு கூட்டாளி சொல்லுறார். உண்மையோ? (ஸ்கார்பரோ வாசகர்)

தம்பி, கூட்டாளிக்கு அபராதத்தில் பங்கு கொடுக்கச் சம்மதமா என்று முதலில் கேளும். ஒன்டாரியோவில் பெரும்பாலான மண்டலங்களில் ஸ்போர்ட் உரிமத்துக்கு நாலு வாலாய், கன்சர்வேஷன் உரிமத்துக்கு இரண்டு. அது ஒரு நாள் பிடிக்கும் அளவு மட்டுமல்ல, உம்மிடம் இருக்கலாம் என்கிற அளவும் அதுதான். கையில் இருந்தாலும், காரில் இருந்தாலும், போன மாதத்திலிருந்து பிரீசரில் உறைந்து கிடந்தாலும் எல்லாம் ஒரே கணக்கு. சாப்பிட்டு முடித்தால்தான் இடம் காலியாகும். துண்டு போட்டுக் கொண்டுவருவதாக இருந்தால் ஒவ்வொரு துண்டிலும் தோலில் ஒரு பகுதியை விட்டு வையும். என்ன மீன், எத்தனை மீன் என்று அதிகாரி பார்த்தவுடன் தெரிய வேண்டும். நீளக் கட்டுப்பாடு மண்டலத்துக்கு மண்டலம் மாறும், போகிற ஏரிக்கான விதியைப் படித்துவிட்டுப் போம்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவுக்கு வயது 68. மூத்தவர்களுக்கு உரிமம் வேண்டாம்தானே? (அஜாக்ஸ் வாசகி)

அந்தச் சலுகை 65 நிரம்பிய கனடாவாசிகளுக்கு. விசிட்டராக வந்த பெரியவர் எவ்வளவு மூத்தவரானாலும் உரிமம் எடுக்கத்தான் வேண்டும். அப்பா கடலில் வலை இழுத்த அனுபவம் உள்ளவராக இருக்கலாம். அதை அதிகாரியிடம் வாதமாக வைக்க வேண்டாம்.

பழங்குடியினர் மட்டும் இரவில் ஈட்டியால் வாலாயைக் குத்திப் பிடிக்கிறார்களே, இது என்ன நியாயம்? (மினியாபொலிஸ் வாசகர்)

பத்திரத்தில் எழுதிய நியாயம். 1837, 1842 ஒப்பந்தங்களில் ஒஜிப்வே மக்கள் விஸ்கான்சின், மினசோட்டா பகுதிகளில் பெரும் நிலத்தை விட்டுக்கொடுத்தார்கள். அங்கே வேட்டையாடும், மீன்பிடிக்கும் உரிமையை விடவில்லை. நிலத்தை வாங்கியவர்கள் உரிமை எழுதிய வரியை மட்டும் சௌகரியமாக மறந்துபோனார்கள். 1983இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நினைவூட்டிய பிறகு விஸ்கான்சின் படகுத்துறைகளில் கூட்டம் கூடியது. வசந்தகால இரவுகளில், கரையோரம் முட்டையிட வரும் வாலாயின் கண் விளக்கொளியில் மின்னுவதைப் பார்த்து ஈட்டி எறிந்தவர்கள்மீது கல் எறிந்தார்கள், வாயில் வந்ததையெல்லாம் பேசினார்கள். ‘வாலாய் யுத்தம்’ என்றே பத்திரிகைகள் எழுதின. மினசோட்டாவின் மில் லாக்ஸ் ஏரி வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1999இல் 5-4 என்ற கணக்கில் ஒஜிப்வே மக்களுக்குச் சாதகமாக முடிந்தது. நூலிழையில்தான் வென்றார்கள், ஆனாலும் வென்றார்கள்.

‘இவர்களால்தான் மீன் அழியும்’ என்பது அப்போதைய முழக்கம். மினசோட்டாவின் ரெட் லேக்கைப் பாருங்கள். அங்கே வலைத்தொழிலும் திருட்டு மீன்பிடிப்பும் சேர்ந்து 1990களில் வாலாயை அடியோடு துடைத்துவிட்டன. 1997இல் ரெட் லேக் பழங்குடியினரே தங்கள் வலைத்தொழிலை நிறுத்தினார்கள். 1999இல் மாநிலமும் சேர்ந்து ஏரி முழுக்கத் தடை, குஞ்சு விடுதல், காவல். 2006இல்தான் மறுபடி தூண்டில் போட விட்டார்கள். வருமானத்தை நிறுத்திவிட்டு அவ்வளவு ஆண்டு காத்திருக்க நம்மில் எத்தனை பேர் தயார்?

செயற்கைத் தூண்டில் மீன்களில் ராபாலா என்ன அவ்வளவு உசத்தி? (ஒட்டாவா வாசகர்)

லவுரி ராபாலா பின்லாந்தின் ஏழை மீனவர். பெரிய மீன், கூட்டத்தில் நொண்டி நீந்தும் மீனைத்தான் முதலில் தூக்குகிறது என்று கவனித்தார். 1936இல் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிய தாளை ஒட்டி, பழைய போட்டோ நெகட்டிவை உருக்கிப் பூசி, அதே நொண்டி நடையை அதற்குக் கொடுத்தார். பிற்பாடு 1962இல் அமெரிக்காவின் லைஃப் இதழ் அதைப் பற்றி எழுதியது. அந்த இதழின் அட்டையில் அப்போதுதான் இறந்துபோன மர்லின் மன்றோ. நாடே வாங்கிப் படித்தது. ஆர்டர்கள் லட்சக்கணக்கில் குவிந்தன. மீனுக்குப் போட்ட தூண்டிலில் சிக்கியது யார் என்று என் சாமான் பெட்டியைத் திறந்தால் தெரியும்.

குழம்புக்கு எது நல்லது? (வாட்டர்லூ வாசகி)

பொரிக்க வாலாய், அதில் பேச்சுக்கே இடமில்லை. வெள்ளைச் சதை, முள் குறைவு. ஏரிக்கரையிலேயே இரும்புச் சட்டி வைத்து உருளைக்கிழங்கோடு பொரித்துத் தின்பது வடக்கு ஒன்டாரியோ வழிகாட்டிகளின் மதியச் சாப்பாடு. மிளகாய்த்தூளும் எலுமிச்சையும் நாம் கொண்டுபோக வேண்டியவை. குழம்பில் போட்டால் கடைசியில் போடுங்கள், கரண்டி விடாமல் சட்டியை மட்டும் அசைத்துவிடுங்கள்; இல்லையென்றால் சதை உதிரும். பைக்கின் முதுகுச் சதைக்குள் கவை முள் ஒரு வரிசை ஓடும். பொறுமை இருந்தால் அதை வெட்டி எடுக்கலாம். இல்லையென்றால் அவித்து உதிர்த்து, முள் பொறுக்கிக் கட்லட் போடுங்கள்.

பெரிய மீனைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். மீன் தின்னும் மீனின் உடம்பில் வயது ஏற ஏறப் பாதரசமும் ஏறும், எந்தப் புளியும் அதைக் கரைக்காது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் எந்த ஏரியில் எந்த அளவு மீனை எத்தனை தடவை சாப்பிடலாம் என்று ஒன்டாரியோ அரசு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. சின்னதைச் சமையுங்கள், பெரியதைப் படமெடுத்து விட்டுவிடுங்கள்.

நம் ஊர் விராலை உயிரோடு கொண்டுவந்து பக்கத்து ஏரியில் விட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்! (கிச்சனர் வாசகர்)

விமான நிலையத்திலேயே உங்களுக்கு நன்றாக இருக்காது. ஒன்டாரியோவில் உயிருள்ள விரால் இனத்துக்குத் தடை. அமெரிக்காவில் ஒருவர், உடம்பு சரியில்லாத தங்கைக்கு சூப் வைக்க வேறொரு விரால் இனத்தில் இரண்டை உயிரோடு வாங்கினார். தங்கை தானாகவே குணமாகிவிட, மேரிலாந்தின் கிராஃப்டனில் ஒரு குளத்தில் விட்டார். 2002இல் பார்த்தால் குஞ்சுகளே ஆயிரத்துக்கு மேல். குளத்துக்கே விஷம் வைக்க வேண்டியதாயிற்று. பைக்கும் இதே வேலையைச் செய்திருக்கிறது. கலிபோர்னியாவின் டேவிஸ் ஏரியில் யாரோ ஒரு புண்ணியவான் விட்ட பைக்கை ஒழிக்க 1997இல் விஷம் வைத்தார்கள். இரண்டே ஆண்டில் திரும்பி வந்தது. 2007இல் மறுபடியும் வைத்தார்கள். விராலை ஊரிலேயே வைத்துச் சாப்பிடுங்கள்.

உறைந்த ஏரியில் நடந்துபோய் மீன் பிடிக்கப் பயமாக இருக்கிறதே? (பேரி வாசகர்)

பயம் நல்லது, அளவுகோல் அதைவிட நல்லது. தெளிந்த பனிக்கட்டி 4 அங்குலம் இருந்தால் ஆள் நடக்கலாம். வெளுத்த, காற்று புகுந்த பனிக்கட்டிக்குப் பாதி வலுதான், அதனால் இரட்டிப்புக் கனம் பாருங்கள். ஓடை கலக்கும் இடத்தை விட்டு விலகுங்கள். ‘அங்கே ஒருத்தர் காரே ஓட்டிப் போயிருக்கிறாரே’ என்பது அளவு அல்ல.

வாலாய்க்குத் தலைநகரம் எது? (டிட்ராய்ட் வாசகர்)

கூப்பிடு தூரத்துக்கு ஒரு தலைநகரம். மினசோட்டாவில் பாடெட், காரிசன் இரண்டு ஊரிலும் ராட்சத வாலாய்ச் சிலை உண்டு. ஒஹாயோவின் போர்ட் கிளின்டனில் புத்தாண்டு நள்ளிரவில் 20 அடிப் பொம்மை வாலாயை மேலிருந்து இறக்குகிறார்கள். என் ஓட்டு அதற்கு.

மே, ஜூனில் சனிக்கிழமைதோறும் மீன் பிடிக்கப் போகிறேன் என்று கிளம்பும் கணவர், வெறுங்கையோடுதான் திரும்புகிறார். உண்மையிலேயே ஏரிக்குத்தான் போகிறாரா? (பெயர் வேண்டாம் என்ற ஓஷாவா வாசகி)

அவர் காதுக்குப் பின்னாலும் முடி ஓரத்திலும் பாருங்கள். தடித்துச் சிவந்து, நடுவில் ரத்தப் பொட்டு இருந்தால் கறுப்பு ஈ கடித்தது. மனிதர் ஏரிக்கரையில்தான் இருந்திருக்கிறார், பாவம், கலமைன் தடவிவிடுங்கள். அக்டோபரிலும் கறுப்பு ஈ கடித்தது என்று சொல்லிக்கொண்டு வந்தால் எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள்.