அறுக்கறதுன்னு ஆனப்பறம் அப்பிச்சியக் கேட்டு என்ன பண்றது?

வா கண்ணு, ஒக்காரு. ஸ்விப்டை ரெண்டு இஞ்சு எறக்கப் போறியாமா? உங்கம்மா வந்து ஒப்பாரி வெச்சா. "உடு புள்ள, காரைத்தானே எறக்கறான், குடும்பத்தையா எறக்கறான்"னு சொல்லி அனுப்பிட்டேன்.

தாராளமா எறக்கு சாமி. உங்காருக்கும் தரைக்கும் நடுவுல 163 மில்லி எடைவெளி, அதுவும் காலி வண்டியில. நீ அம்பதை எடுத்தா 113. வேகத்தடை 100 மில்லி ஒசரம் இருந்தாப் போதும்னு இந்தியன் ரோட்ஸ் காங்கிரசு எழுதி வெச்சிருக்குது. பாரு, 13 மில்லி மிச்சம்! நீயும் உன் சேக்காளியும் ஏறி உக்காந்தா அதுவும் காலி. நம்மூர் வேகத்தடை அந்தப் பொஸ்தகத்தைப் படிச்சதில்ல, பனைமரத்தைப் படுக்க வெச்சாப்ல கெடக்குது.

ஸ்பிரிங்கை அறுக்கறதும் நல்ல ரோசனைதான். பாதியா அறுத்தா ரெண்டு மடங்கு வெறப்பாயிரும். ஆனா ஷாக் அப்சார்பர் பழசு. அதுக்குப் பேரு வெச்சவன் பெரிய குசும்பன். குழியில உழற அடியை வாங்கறது ஸ்பிரிங்கு. அடி வாங்குனப்பறம் ஸ்பிரிங்கு ஆடும் பாரு, அந்த ஆட்டத்தை அடக்கறதுதான் ஷாக்கு. உள்ள இருக்கற எண்ணெய் பொடி ஓட்டையில பிதுங்கி, ஆட்டத்தைச் சூடா மாத்தி ஓட்டிரும். கல்யாண ஊட்டுல ஆடற மாமனை அத்தை கையப் புடிச்சு உக்கார வெக்கறாப்ல. மாமன் இன்னும் வேகமா ஆடறான், அத்தைக்கு மொழங்கால் வலி. அப்பறம் காரு தவளையாட்டத்தான் போகும்.

தாழ இருந்தா சாயாதுன்னுதானே நெனைக்கற? முன்னால இருக்கற ஸ்ட்ரட்டுக்கு அது ஒத்து வராது கண்ணு. ரொம்ப எறக்குனா லோயர் ஆர்ம் சக்கரத்தைப் பாத்து மேல ஏறி நிக்கும். பாரம் ரெண்டு இஞ்சு எறங்குனா, பாடி எந்த எடத்தைச் சுத்திச் சாயுதோ அது அதவிடக் கீழ போயிரும். நடுவுல நெம்புகோல் நீண்டு போச்சு. சாயறது கூடுது! அதை மறைக்க இன்னும் வெறப்பு ஸ்பிரிங்கு வாங்கோணும். விக்கறவனுக்கு நல்ல காலம்.

ரேக்ளா பாத்திருக்கியல்ல? வண்டிக்கு ஸ்பிரிங்கே கெடையாது. பள்ளத்துல சக்கரம் அந்தரத்துல போகும். போனா என்ன, திருப்பறது காங்கேயம் காளை. உங்காருல காளை எங்க? தரையைத் தொடறது டயருல நாலு உள்ளங்கை அகலம், அவ்வளவுதான். அதுவும் தரையை உட்டுருச்சுன்னா ஸ்டீரிங்கைப் புடிச்சுட்டு நீ சாமி கும்புடலாம்.

செட்டிபாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்குது, 2003லருந்து, 2.1 கிலோமீட்டர். பாய் விரிச்சாப்ல ரோடு. அங்க ஓட்டறதுன்னா வெறப்பாவே வெய்யி. பல்லடம் ரோட்டுல ஓட்டறவனுக்கு எதுக்கு அந்த வேசம்?

நானும் யோக்கியனில்ல. லாரிக்கு ஒரு ஸ்பிரிங்குப் பட்டையை எச்சா வெச்சுக் கட்டுனவன்தான். லோடு இருந்தா ராசா. காலியாத் திரும்பி வர்றப்ப எந்திரிச்சு நின்னுட்டு ஓட்டுனேன்.

மொதல்ல காத்தப் பாரு. அளவு டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்குது, நீ படிச்சிருக்க மாட்ட. டயரு ஆறு வருசம் ஆச்சு, பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்குது, மாத்து. லோயர் ஆர்ம் புஷ்ஷு கிழிஞ்சுதா, லிங்க் ராடு லொடலொடங்குதான்னு அடியில குனிஞ்சு பாக்கச் சொல்லு. நல்ல ஷாக்கா நாலும் போட்டு அலைன்மென்ட் பண்ணு. அதுக்கப்பறமும் வளைவுல மூக்கு வெளிய தள்ளுச்சுன்னா, பின்னாடி சாயாமப் புடிக்கற ஒரு கம்பி போட்டு அந்தப் பக்கத்தை மட்டும் சித்தெ வெறப்பாக்கலாம். மழையில வாலு வீசும், அப்ப என்னத் திட்டாத.

என்ன, மொகம் தொங்கிப் போச்சு? ரீல்ஸுல போடறதுக்குப் புஷ்ஷு நல்லா இருக்காதுங்கறயா?

சரி, ஞாயித்துக்கெழமை காரை எடுத்துட்டு வா, அவிநாசி கோயிலுக்குப் போலாம். உங்கம்மாயி முக்கால் தூக்குப்போசி ரசத்தை மடியில வெச்சுட்டு பின்னால உக்காந்துக்குவா. எந்த வளைவுல எப்படி வைய்யறாளோ, அதைக் கேட்டு எந்தச் சாமான் போச்சுன்னு நான் சொல்றேன்.